மாட்டுக்குப் பின்னால போகாதேனு ஏன் சொன்னாங்க? கண் இருக்கும் இடத்துல இருக்கு பதில்!

"டேய், மாட்டுக்குப் பின்னாடி போகாதடா... உதைச்சிடும்!"

கிராமத்திலேயே வளர்ந்தவங்களா இருந்தாலும் சரி, முழு ஆண்டு லீவுக்கு மட்டும் பாட்டி வீட்டுக்குப் போனவங்களா இருந்தாலும் சரி, இந்த அதட்டலைக் கேட்காம வளர்ந்திருக்க மாட்டீங்க. ஆனா, அதே மாட்டுக்கிட்ட பால் கறக்க வர்றவர் எப்படிப் போவார்னு கவனிச்சிருக்கீங்களா? தூரத்துல வரும்போதே "ஏய் லட்சுமி... நில்லு, நில்லு"னு குரல் கொடுத்துக்கிட்டே வருவார். பக்கவாட்டுல நெருங்குவார். தோள்பட்டையில ஒரு தட்டு தட்டிட்டு, கையை எடுக்காமலே முதுகு வழியா நகர்ந்து போய் மடிக்கிட்ட உட்காருவார். மாடும் சும்மா அசைபோட்டுக்கிட்டே நிற்கும்.

நம்மைப் பார்த்தா மிரளுற மாடு, அவரைப் பார்த்தா ஏன் மிரளலை? பழக்கம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அவர் மாட்டோட கண்ணுக்குத் தெரியுற வழியில வர்றார். நாம தெரியாத வழியில போறோம்.

ஒரு விலங்கின் முகத்துல கண் எந்த இடத்துல இருக்கு என்பதை வெச்சே, அது உலகத்தை எப்படிப் பார்க்குது, எதுக்கு பயப்படுது, எந்தப் பக்கத்துல இருந்து நெருங்கினா மிரளும்னு ஓரளவு சொல்லிவிடலாம். வீட்டுல நாய், பூனை, முயல் வளர்க்கிறவங்களுக்கும், தெருவுல மாடு, குதிரையைக் கடந்து போறவங்களுக்கும் இது தெரிஞ்சிருந்தா பல உதைகளையும் கடிகளையும் தவிர்க்கலாம். 

முதல்ல உங்க கண்ணை டெஸ்ட் பண்ணுங்க

இதைப் படிச்சுக்கிட்டே ஒரு சின்ன சோதனை செய்யலாம். ரெண்டு கைகளையும் பக்கவாட்டுல தோள் உயரத்துக்கு நீட்டிக்கோங்க. கட்டை விரலை ஆட்டிக்கிட்டே இருங்க. பார்வை மட்டும் நேரா எதிர்ச் சுவர்லேயே இருக்கணும். இப்போ கைகளை மெதுவா முன்னாடி கொண்டுவாங்க. ஏறக்குறைய கைகள் விரிஞ்ச நிலையில இருக்கும்போதே, ரெண்டு விரல்களும் அசையுறது ஓரக் கண்ணுல தெரிய ஆரம்பிச்சிடும்.

அதுதான் உங்க பார்வைப் பரப்பு. நம்மைச் சுற்றி இருக்கிற முழு வட்டத்தை 360 டிகிரினு வெச்சுக்கிட்டா, மனிதக் கண்களால் சுமார் 180 முதல் 200 டிகிரி வரை பார்க்க முடியும். அதாவது, பாதி வட்டம். முதுகுக்குப் பின்னால இருக்கிற மீதிப் பாதி நமக்கு எப்பவுமே இருட்டு.

இந்தப் பாதி வட்டத்துலேயும் ஒரு விசேஷம் இருக்கு. நடுவுல சுமார் 120 டிகிரி அளவுக்கு, ரெண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்குது. ஒரே காட்சியை எதுக்கு ரெண்டு கேமரா வெச்சுப் பார்க்கணும்? அடுத்த சோதனை அதுக்குத்தான்.

ரெண்டு பேனாவை எடுங்க. கைகளை நீட்டி, ரெண்டு பேனாவோட முனையும் ஒண்ணை ஒண்ணு பார்க்கிற மாதிரி பிடிங்க. ஒரு கண்ணை மூடிக்கிட்டு, சட்டுனு ரெண்டு முனையையும் ஒட்ட வைங்க. பெரும்பாலும் தவறிப்போகும். இப்போ ரெண்டு கண்ணையும் திறந்து செய்யுங்க. 'டக்'னு பொருந்திடும். ஊசியில நூல் கோக்கிறதும், பஸ்ஸோட படியில சரியா கால் வைக்கிறதும் இந்தத் திறமையாலதான்.

நம்ம ரெண்டு கண்ணுக்கும் நடுவுல சில சென்டிமீட்டர் இடைவெளி இருக்கு. அதனால இடது கண் பார்க்கிற படமும், வலது கண் பார்க்கிற படமும் லேசா வேறுபடும். அந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுத்தான் 'இந்தப் பொருள் இவ்வளவு தூரத்துல இருக்கு'னு மூளை சொல்லுது.

அப்போ ஒரு கண் மட்டும் இருந்தா தூரமே தெரியாதா? அப்படியும் இல்லை. இந்திய கிரிக்கெட் கேப்டன் மன்சூர் அலி கான் பட்டோடி, 1961 ஜூலையில் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்துல வலது கண் பார்வையை இழந்தார். அதே ஆண்டு டிசம்பர்ல டெஸ்ட் கிரிக்கெட்ல அறிமுகமானார். 1962-ல், 21 வயசுல இந்திய அணிக்கு கேப்டன். 1964-ல் டெல்லியில் இங்கிலாந்துக்கு எதிரா ஆட்டமிழக்காம 203 ரன். ஒரு பொருளோட அளவு, நிழல், நாம நகரும்போது அது எவ்வளவு நகர்ற மாதிரி தெரியுது என பல தடயங்களை வெச்சு, ஒற்றைக் கண்ணாலும் மூளை தூரத்தைக் கணிக்கப் பழகிக்கும். ரெண்டு கண் சேர்ந்து பார்க்கும்போது அந்த வேலை துல்லியமாவும் சட்டுனும் முடியுது.

இங்கே கூட்டினா, அங்கே குறையும்

இங்கேதான் இயற்கை போட்டிருக்கிற பேரம் இருக்கு. ரெண்டு கண்ணையும் முன்னாடி வெச்சா தூரம் துல்லியமா தெரியும்; ஆனா முதுகுப் பக்கம் போச்சு. கண்ணைத் தலையோட ரெண்டு பக்கத்துலேயும் வெச்சா சுத்திவர எல்லாம் தெரியும். ஆனா ரெண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கிற இடம் குறைஞ்சிடும். ரெண்டையும் முழுசா வாங்க முடியாது.

மாடு ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்த ஜீவன். குனிஞ்சு புல் மேயுற நேரத்துலதான் புலியோ, செந்நாயோ வரும். அதனால சுத்திலும் கண் வேணும். ஒரு பசுவால் கிட்டத்தட்ட 330 டிகிரி பார்க்க முடியும். மேயுற இடத்துல இருந்து தலையைத் திருப்பாமலே பக்கத்துல வர்றவங்களையும், ஓரளவு பின்னால வர்றவங்களையும் அது பார்த்துடும். அதுக்குத் தெரியாத ஒரே முக்கியமான இடம், வாலுக்கு நேர் பின்னால இருக்கிற அந்தக் குறுகலான பகுதி.

நம்ம பாட்டி 'அங்கே போகாதே'னு சொன்ன அதே இடம்!

இப்போ மாட்டோட இடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க. ஏறக்குறைய எல்லாப் பக்கமும் தெரியுது. திடீர்னு எதுவுமே தெரியாத ஒரே இடத்துல இருந்து காலடிச் சத்தமோ, உடம்புல ஒரு தொடுதலோ வருது. காட்டுல வாழ்ந்த அதோட முன்னோர்களுக்கு, அந்த இடத்துல இருந்து வந்தது பெரும்பாலும் வேட்டையாடுற விலங்குதான். நின்னு யோசிச்ச மாடு பிழைச்சிருக்காது. உதைச்ச மாடு பிழைச்சிருக்கும். அந்த அனிச்சைச் செயல்தான் இன்னிக்கு நம்ம முழங்கால்ல விழுது.

மாட்டோட இன்னொரு விநோதமான பழக்கத்துக்கும் இந்தப் பேரம்தான் காரணம். நடந்து போற மாடு, தரையில விழுந்திருக்கிற நிழலையோ, சின்ன வாய்க்காலையோ, கம்பிச் சட்டம் போட்ட சாக்கடை மூடியையோ பார்த்து சடன் பிரேக் போட்டு நிற்கும். தலையைக் குனிஞ்சு உத்து உத்துப் பார்க்கும். நாம 'சண்டி மாடு'னு திட்டுவோம். ஆனா அதுக்கு முன்பக்கத்துல ரெண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கிற பகுதி ரொம்பக் குறைவு. கீழே இருக்கிறது வெறும் நிழலா, பள்ளமானு அதுக்குச் சட்டுனு புரியாது. தலையைக் குனிஞ்சு, ரெண்டு கண்ணையும் அங்கே கொண்டுவந்து அளந்து பார்க்க நேரம் வேணும். அமெரிக்கக் கால்நடை விஞ்ஞானி டெம்பிள் கிராண்டின், இந்த மாதிரி நிழல், தொங்குற சங்கிலி, தரையில மாறுற நிறம் எல்லாம் மாடுகளை எப்படி மிரள வைக்குதுனு கவனிச்சு, மாட்டுத் தொழுவங்களையும் பாதைகளையும் வடிவமைச்சதுக்காகவே உலகப் புகழ் பெற்றவர். அடிச்சு ஓட்டுறதைவிட, மிரள வைக்கிற பொருளை எடுத்துடுறது சுலபம் என்பதுதான் அவர் காட்டின வழி.

குதிரையோட கணக்கு இன்னும் பெருசு. சுமார் 350 டிகிரி. அதுக்கு ரெண்டு இடம்தான் மறைவு. ஒண்ணு, வாலுக்கு நேர் பின்னால. இன்னொண்ணு, நெற்றிக்கு நேர் முன்னாலேயும் மூக்குக்குக் கீழேயும். மெரினாவுலேயோ ஊட்டியிலேயோ குதிரையைப் பார்த்ததும் ஆசையா நேர் எதிர்ல போய் நெற்றியைத் தடவுறோமே, அந்தக் கை கிட்ட வரும்போது குதிரையோட பார்வையில இருந்து காணாமப் போயிடும். அதான் 'படக்'னு தலையைத் தூக்குது. வண்டிக் குதிரைக்குக் கண்ணோரத்துல பட்டை கட்டுறதும் இதனாலதான். சுத்திலும் தெரியுற வண்டி, கூட்டம், கொடி எல்லாம் அதை மிரள வைக்காம, முன்னாடி இருக்கிற ரோடு மட்டும் தெரியணும்.

ஆட்டுக் கண்ணுல ஏன் படுத்த கோடு?

ஆட்டோட கண்ணைக் கிட்டத்துல பார்த்திருக்கீங்களா? நடுவுல இருக்கிற கருமணி நமக்கு மாதிரி வட்டமா இருக்காது. படுத்த நிலையில ஒரு செவ்வகம் மாதிரி இருக்கும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக விஞ்ஞானிகள் தலைமையிலான ஒரு குழு, தரையில் வாழும் 214 விலங்கினங்களோட கண்களை ஒப்பிட்டு 2015-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பக்கவாட்டுல கண் வெச்சிருக்கிற, மேயுற விலங்குகளுக்குப் படுத்த மணி இருக்க வாய்ப்பு அதிகம்னு அதுல தெரிஞ்சது. அது தரைமட்டத்தை ஒட்டி வர்ற வெளிச்சத்தை அதிகமா உள்ளே விடும். தலைக்கு மேல இருந்து வர்ற வெயிலைக் குறைக்கும். ஆபத்து வர்றது பெரும்பாலும் தரை வழியாத்தானே!

சரி, ஆடு குனிஞ்சு மேயும்போது அந்தக் கோடு செங்குத்தா ஆகிடாதா? ஆகாது. ஆடு தலையைக் குனியும்போது, ரெண்டு கண்ணும் குழிக்குள்ளேயே 50 டிகிரிக்கு மேல சுழன்று, கோட்டைத் தரைக்கு இணையாவே வெச்சுக்கும். அடுத்த முறை ஆடு மேயுறதைப் பார்த்தா, குனிஞ்சு கவனிச்சுப் பாருங்க.

அதே ஆய்வுல பூனைக்கும் பதில் இருக்கு. தரையோட ஒட்டிப் பதுங்கிப் பாயுற சின்ன வேட்டைக்காரர்களுக்குச் செங்குத்தான மணி இருக்க வாய்ப்பு அதிகம். பாய்ச்சலுக்கு முன்னாடி தூரத்தை அளக்க அது உதவுது. பூனையோட சொந்தக்காரங்களான புலி, சிங்கத்துக்கு மணி வட்டமா இருக்கு. தரையில இருந்து அதுங்களோட கண் உயரமா இருக்கிறதால, இந்த உதவி பெருசா தேவைப்படலைனு விஞ்ஞானிகள் கருதுறாங்க.

காக்கா ஏன் தலையைச் சாய்க்குது?

காக்காவுக்கு ஒரே கண்மணிதான், அதைத்தான் ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் பார்க்குதுனு ஒரு நம்பிக்கை நம்ம ஊர்ல உண்டு. ராமாயணத்துல காகாசுரன் கதையும் கேட்டிருப்பீங்க. நிஜத்துல காக்காவுக்கு ரெண்டு கண்ணும் நல்லாவே தெரியும். ஆனா இந்த நம்பிக்கை பிறந்ததுக்கு ஒரு நியாயமான காரணம் இருக்கு. கண் பக்கவாட்டுல இருக்கிற பல பறவைகள், ஒரு பொருளை உத்துப் பார்க்கணும்னா தலையைச் சாய்ச்சு ஒரு கண்ணை மட்டும் அதுக்கு நேரா கொண்டுவரும். கோழியும் அப்படித்தான். வானத்துல பருந்து நிழல் தெரிஞ்சா, கழுத்தைச் சாய்ச்சு ஒத்தைக் கண்ணால மேலே பார்க்கும்.

புறா இன்னும் சுவாரஸ்யம். நடக்கும்போது தலை முன்னும் பின்னும் ஆடிக்கிட்டே இருக்குமே, அது உண்மையில ஆட்டம் இல்லை. உடம்பு முன்னாடி நகரும்போது தலையை ஒரே இடத்துல அசையாம நிறுத்தி வெச்சுக்கும், அப்புறம் 'டக்'னு தலையை முன்னாடி தள்ளும், மறுபடி நிறுத்தும். பக்கவாட்டுக் கண்ணுல உலகம் ஓடிக்கிட்டே இருந்தா மங்கலாத்தான் தெரியும். அதனால நிறுத்தி நிறுத்திப் பார்க்குது. 1978-ல் பேரி ஃப்ராஸ்ட் என்ற கனடா விஞ்ஞானி, புறாவை டிரெட்மில்லில் நடக்க விட்டார். கால் நடக்குது, ஆனா சுத்தி இருக்கிற காட்சி நகரலை. புறா தலையை ஆட்டவே இல்லை!

முயலுக்குக் கண் தலையோட மேல்பக்கத்துல, ரெண்டு ஓரத்துலேயும் இருக்கு. ஏறக்குறைய முழு வட்டமும் தெரியும். மேலே இருந்து வர்ற பருந்தும் தப்பாது. ஆனா, மூக்குக்கு நேர் முன்னாடி சின்னதா ஓர் இடம் அதுக்குத் தெரியாது. கேரட்டை மூக்குக்கிட்ட நீட்டினா உங்க விரலையும் சேர்த்துக் கடிக்கிறதுக்கு இதுதான் காரணம். மோப்பத்தையும் உதட்டையும் வெச்சுத்தான் அந்த இடத்தை அது சமாளிக்குது.

வேட்டைக்காரர்கள் கொடுத்த விலை

பூனைக்கு மொத்தப் பார்வை சுமார் 200 டிகிரி. கிட்டத்தட்ட நம்ம அளவுதான். அதுல பெரும்பகுதியை ரெண்டு கண்ணும் சேர்ந்தே பார்க்குது. பின்னால என்ன வருதுன்னு தெரியாது. அந்தக் கவலையைக் காதுக்கிட்ட விட்டிருக்கு.

ஆந்தைதான் இந்தப் பேரத்துல ரொம்ப தூரம் போன பறவை. அதோட கண் நம்முடையதைப் போல உருண்டை இல்லை; குழாய் மாதிரி நீளமானது. எலும்பு வளையத்துல இறுகி இருக்கிறதால அதை அசைக்கவே முடியாது. ஓரக் கண்ணால பார்க்கிற பேச்சே இல்லை. மொத்தப் பார்வை சுமார் 110 டிகிரிதான். இந்த நஷ்டத்தைக் கழுத்து ஈடுகட்டுது. நமக்குக் கழுத்துல 7 எலும்பு; ஆந்தைக்கு 14. அதனால தலையை ஒரு பக்கத்துக்கு 270 டிகிரி வரை திருப்ப முடியும். ஆந்தை தலையைத் திருப்புறதைப் பார்த்து அபசகுனம்னு பயப்படுறவங்க இருக்காங்க. பாவம், கண்ணைத் திருப்ப முடியாத குறைக்கு அது கழுத்தைத் திருப்புது.

'முன்னாடி கண் இருந்தா வேட்டைக்காரன்' - எப்பவும் சரியா?

இதுவரை படிச்சதும் ஒரு ஃபார்முலா தோணியிருக்கும். முன்னாடி கண் இருந்தா வேட்டையாடுறது, பக்கத்துல இருந்தா வேட்டையாடப்படுறது. பல இடத்துல இது பொருந்தும். ஆனா விதிவிலக்குகள் நிறைய.

பழந்தின்னி வௌவாலுக்குக் கண்கள் பெருசா, முன்பக்கம் பார்த்து இருக்கு. அது வேட்டையாடுறது வெறும் பழத்தை! குரங்குக்கும் நமக்கும் கண் முன்னாடி இருக்கே? 'கிளைக்குக் கிளை தாவ தூரம் தெரியணும், அதனாலதான்'னு ஒரு விளக்கம் ரொம்ப காலமா இருந்துச்சு. மேட் கார்ட்மில் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1970-களில் அதைக் கேள்வி கேட்டார். 'அணிலும்தான் கிளைக்குக் கிளை தாவுது. அதுக்குக் கண் பக்கத்துலதானே இருக்கு?' அவரோட பதில், நம்ம ஆதி முன்னோர்கள் கிளைகளுக்கு நடுவுல பூச்சிகளைக் கையால பிடிச்சுத் தின்னவங்க. அதுக்குத்தான் இந்தக் கண் என்பது. இந்த விவாதம் இன்னும் முடியலை.

சுத்தியல் தலைச் சுறாவைப் பாருங்க. தலையோட ரெண்டு ஓரத்துலேயும் கண். 'இது எப்படி நேரா பார்க்கும்?'னு பல காலம் கேள்வி இருந்துச்சு. 2009-ல் வெளியான ஆய்வு ஆச்சர்யம் கொடுத்தது. அந்தக் கண்கள் லேசா முன்பக்கம் சாய்ஞ்சிருக்கு. அகலமான தலை கொண்ட வகைக்கு, ரெண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கிற பகுதி 48 டிகிரி. சாதாரண சுறாக்களைவிட இது பல மடங்கு அதிகம்.

பச்சோந்தி இந்தப் பேரத்துல கொஞ்சம் ஏமாத்துக்காரன். ரெண்டு கண்ணையும் தனித்தனியா சுத்தவிட்டு நோட்டம் பார்க்கும். பூச்சி தெரிஞ்சதும் ரெண்டையும் முன்னாடி கொண்டுவந்து குறிவெச்சு, அப்புறம்தான் நாக்கை வீசும். கும்பிடுபூச்சியும் ரெண்டு கண்ணால தூரம் அளக்குது. இதை நிரூபிக்க இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், தேன்மெழுகால ஒட்டி அதுக்குக் குட்டியா ஒரு 3டி கண்ணாடியே போட்டு, சினிமா காட்டினாங்க!

மீன் மார்க்கெட்டுக்குப் போனா நாக்கு மீனைத் திருப்பிப் பாருங்க. ரெண்டு கண்ணும் ஒரே பக்கத்துல இருக்கும். குஞ்சா இருக்கும்போது மத்த மீன் மாதிரி பக்கத்துக்கு ஒரு கண்தான். வளர வளர, ஒரு கண் மெதுவா நகர்ந்து மறுபக்கத்துக்கு வந்துடும். வாழ்நாள் முழுக்க மணல்ல ஒரு பக்கமா படுத்தே கிடக்கிற மீனுக்கு, மண்ணுக்குள்ள புதைஞ்சிருக்கிற கண்ணால என்ன பிரயோஜனம்?

பேரம் பொய்க்கும்போது...

இவ்வளவு நேரம் சுவாரஸ்யமா இருந்த இந்த விஷயம், ஒரு பறவைக்கு இப்போ வாழ்வா சாவா பிரச்னை.

கானமயில். ராஜஸ்தான், குஜராத் பக்கம் வறண்ட புல்வெளிகள்ல வாழுற பெரிய பறவை. இப்போ சுமார் 150 தான் மிச்சம் இருக்கும்னு கணிக்கிறாங்க. வாழிடம் அழிஞ்சது, வேட்டை எனப் பல காரணங்களால எண்ணிக்கை குறைஞ்சது. இன்னிக்கு மிச்சம் இருக்கிறதை மிரட்டுறதுல முக்கியமானது, உயர் அழுத்த மின்கம்பிகள்ல மோதிச் சாகுறது.

இவ்வளவு பெரிய கம்பி, பட்டப்பகல்ல அதுக்குத் தெரியாதா? தெரியாமப் போறதுக்குக் கண் இருக்கும் இடம் ஒரு காரணம். கானமயிலின் நெருங்கிய சொந்தமான ஆப்பிரிக்காவின் கோரி பஸ்டர்டையும், இன்னும் ரெண்டு பெரிய பறவைகளையும் கிரஹாம் மார்ட்டின் என்ற பறவைப் பார்வை நிபுணர் ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார். இந்தப் பறவைகளுக்குக் கண் பக்கவாட்டுல இருக்கு. முன்பக்கத்துல ரெண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கிறது ஒரு குறுகலான பட்டைதான். தலைக்கு மேல பெரிய மறைவுப் பகுதி. பறக்கும்போது கீழே மேய்ச்சல் நிலத்தையோ, கூட்டாளிகளையோ தேடி கோரி பஸ்டர்ட் தலையை வெறும் 25 டிகிரி சாய்ச்சா போதும், பறக்கிற திசை முழுசா மறைஞ்சிடும். தரை நல்லாத் தெரியும். எதிரே இருக்கிறது எதுவுமே தெரியாது. அப்படியே கடைசி நிமிஷத்துல கம்பி தெரிஞ்சாலும், அவ்வளவு கனமான உடம்பைச் சட்டுனு திருப்ப முடியாது.

இது அந்தப் பறவையோட தப்பு இல்லை. பல லட்சம் வருஷமா திறந்தவெளி வானத்துல, எதிரே குறுக்கா எதுவுமே இருந்ததில்லை. 'முன்னாடி பார்க்க வேண்டிய அவசியம் இல்லை' என்ற நம்பிக்கையில அமைஞ்ச கண் அது. அந்த வானத்துல நாம கம்பியைக் கட்டிட்டோம்.

2021 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம், கானமயில் வாழுற பகுதிகள்ல முடிஞ்ச இடத்துல எல்லாம் மின்கம்பிகளைத் தரைக்கு அடியில கொண்டுபோகச் சொல்லி உத்தரவிட்டது. அந்தப் பகுதியிலதான் சூரிய மின்சாரத் திட்டங்களும் நிறைய இருக்கு. அதனால 2024 மார்ச்ல அந்த உத்தரவைத் திருத்தி, நிபுணர் குழு ஒண்ணை அமைச்சது. கம்பிகள்ல பளபளனு ஆடுற தட்டுகளைத் தொங்கவிட்டு எச்சரிக்கிற முயற்சியும் நடக்குது. ஆனா தலை குனிஞ்சு பறக்கிற நேரத்துல அந்தத் தட்டும் கண்ணுல படாதே! கம்பியைத் தரைக்கு அடியில புதைக்கிறதுதான் உறுதியான வழினு பறவை ஆர்வலர்கள் அழுத்திச் சொல்றது அதனாலதான்.

வீட்டுலேயும் தெருவுலேயும் நாம செய்ய வேண்டியது

மாடு: நேர் பின்னால இருந்து போகாதீங்க. தூரத்துலேயே குரல் கொடுங்க. தோள்பட்டைப் பக்கமா நெருங்குங்க. மாடு பக்கவாட்டுலேயும் காலை வீசும் என்பதால, பின்னங்காலுக்குப் பக்கத்துல சும்மா நிற்காதீங்க. ரோட்டுல மாட்டுக்குப் பின்னால வண்டியில வந்தா, நெருங்கிப் போய் ஹாரன் அடிக்காம, வேகத்தைக் குறைச்சு இடம் விட்டுப் போங்க.

குதிரை: நெற்றிக்கு நேரா கையைக் கொண்டு போகாதீங்க. பக்கவாட்டுல நின்னு, பேசிக்கிட்டே கழுத்தைத் தொடுங்க. பின்பக்கமா கடக்கணும்னா, கால் எட்டாத தூரத்துல சுத்திப் போங்க.

நாய்: நாய்க்குச் சுமார் 240 டிகிரி தெரியும், மூக்கு நீளத்தைப் பொறுத்து இனத்துக்கு இனம் மாறும். பின்னால இருந்து கட்டிப்பிடிக்கிறது, தூங்கும்போது தொடுறது, தலைக்கு மேல கையைக் கொண்டு போறது மூணும் வேண்டாம். முக்கியமா குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்க. கடிச்ச நாயைத் திட்டுறதுக்கு முன்னாடி, அதுக்கு நம்ம குழந்தை வர்றது தெரிஞ்சிருக்குமானு யோசிக்கணும்.

முயல்: மேலே இருந்து 'லபக்'னு தூக்காதீங்க. அதுக்கு அது பருந்து. தரையோட உட்கார்ந்து, பக்கவாட்டுல இருந்து கையைக் காட்டி, அப்புறம் உடம்புக்கு அடியில கை கொடுத்துத் தூக்குங்க. உணவை மூக்குக்கு நேரா நீட்டாம தரையில வைங்க.

பூனை: மூக்குக்கு ரொம்பக் கிட்ட இருக்கிற பொருள் அதுக்கு மங்கலாத்தான் தெரியும். தட்டுல வெச்ச மீன் துண்டைப் பார்க்காம முழிச்சா, திமிர்னு நினைக்காதீங்க. கொஞ்சம் நகர்த்திக் காட்டுங்க.

கடைசியா, நமக்கு...

நம்ம பேரத்துல நாம முதுகை விட்டுக்கொடுத்தவங்க. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் வண்டியில ரெண்டு பக்கமும் கண்ணாடி வெச்சாங்க. பைக் வாங்கின மறுநாளே 'லுக் நல்லா இல்லை'னு அதைக் கழட்டி வைக்கிறவங்க எத்தனை பேர்! ஆந்தைக்காவது கழுத்து திரும்பும். ஹெல்மெட் போட்ட நமக்கு அதுவும் முழுசா திரும்பாது. ப்ளீஸ், அந்தக் கண்ணாடியைத் திரும்ப மாட்டிடுங்க.

இன்னொரு விஷயம். ஆரம்பத்துல செஞ்ச கட்டை விரல் சோதனை ஞாபகம் இருக்கா? கிளாக்கோமா எனும் கண் நரம்பு பாதிப்பு, பெரும்பாலும் வலியே இல்லாம, ஓரப் பார்வையைத்தான் முதல்ல கொஞ்சம் கொஞ்சமாத் தின்னும். நேரா பார்க்கிறது நல்லாவே தெரியும் என்பதால, ரொம்ப நாள் கழிச்சுத்தான் பலருக்குப் புரியும். போன பார்வை திரும்ப வராது. ஆனா ஆரம்பத்துலேயே கண்டுபிடிச்சா மீதியைக் காப்பாத்தலாம். வீட்டுல செய்யுற விரல் சோதனை இதைக் கண்டுபிடிக்காது. 40 வயசைத் தாண்டினவங்களும், குடும்பத்துல யாருக்காவது கிளாக்கோமா இருக்கிறவங்களும் கண் டாக்டர்கிட்ட போய், கண் அழுத்தத்தையும் கண் நரம்பையும் பரிசோதிச்சுக்கிறது நல்லது. கண்ணாடி பவர் மட்டும் செக் பண்ணிட்டு வந்துடாதீங்க.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, உங்க குழந்தையைக் கூட்டிக்கிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போங்க. 'பின்னாடி போகாதே, உதைக்கும்'னு மட்டும் சொல்லாதீங்க. 'அங்கே நின்னா நீ அதுக்குத் தெரிய மாட்டே. இப்படிப் பக்கமா வா, பேர் சொல்லிக் கூப்பிடு'னு சொல்லிப் பாருங்க. மாடும் மிரளாது, குழந்தையும் பயப்படாது.